கோழி செத்த வீட்டில் காய்ச்சல் வந்தால்: டாக்டரிடம் முதலில் எதைச் சொல்வது, வீட்டில் எதைக் கவனிப்பது

வேலூர்ப் பக்கம் காய்ச்சல் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்கும் கேள்விகள் நமக்கு மனப்பாடம். எத்தனை நாளாகக் காய்ச்சல், குளிர் நடுக்கம் உண்டா, வாந்தி உண்டா, வெளியூர் போனீர்களா. டெங்குவா, டைபாய்டா, ஸ்க்ரப் டைபஸா என்று பிரித்துப் பார்க்கத்தான் இதெல்லாம், நம் பக்கம் இந்த மூன்றும் அடிக்கடி வருவதால் அப்படிக் கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று பார்க்க, "வீட்டில் கோழி ஏதாவது செத்ததா?" என்று அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள். அதை நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் முதல் நாளே, சீட்டு போட்டு உள்ளே போனவுடன் சொல்லும் முதல் வாக்கியமாக. ஏன் முதல் நாளே என்று இவ்வளவு அழுத்துகிறேன் என்பதைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலில் பயத்தை அளவோடு வைத்துக்கொள்வோம். பறவைக் காய்ச்சல் மனிதருக்கு வருவது மிக அபூர்வம். இந்த நோயைத் தரும் எச்5என்1 வைரஸ் 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள், 2003-க்குப் பிறகு உலகம் முழுக்கச் சேர்த்தும் பதிவானவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். ஆனால் அதில் பாதிக்குப் பாதி இறந்திருக்கிறார்கள் என்பதுதான் இந்த நோயை லேசாக எடுத்துக்கொள்ள விடாத விஷயம். சீனாவில் 2013-ல் கிளம்பிய எச்7என்9 என்ற இன்னொரு வகை 1,500 பேருக்கு மேல் தாக்கியது, அதில் பத்துக்கு நாலு பேர் போய்விட்டார்கள். நம் நாட்டில் கோழிகளுக்கு இது முதலில் உறுதியானது 2006-ல், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். மனிதரில் முதல் எச்5என்1 மரணம் 2021 ஜூலையில், டில்லி எய்ம்ஸில், ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன். அப்புறம் 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுப் பெண் குழந்தை இறந்தது, பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றை அந்தக் குழந்தை வாயில் போட்டதாக வீட்டார் சொன்னார்கள்.

ஆந்திரா என்றால் நமக்கு வேறு தேசம் இல்லை. காட்பாடியைத் தாண்டிக் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி வந்தால் அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டம். 2024 பிப்ரவரியில் நெல்லூர்ப் பக்கமும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் கோழிகள் கூட்டமாகச் செத்தன. கோழி வண்டியும் முட்டை வண்டியும் இந்த ரோட்டில் தினமும் போய்வருகின்றன. இது போக, குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி நீர்நிலைகள், அறுவடை முடிந்த கழனியில் ஊர் ஊராக வாத்து மேய்த்துக்கொண்டு போகிறவர்கள். வாத்துக்கு இந்த வைரஸ் உள்ளே இருந்தும் ஒன்றும் தெரியாமல் திரிய முடியும், அதே வயலில் மேயும் நம் நாட்டுக்கோழி சில நாளில் செத்துவிடும்.

சொக்கிப்போன கோழியை அறுக்காதீர்கள்

நம் கிராமங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. கோழி தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கி விழ ஆரம்பித்தால், செத்து வீணாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்று முடிவு செய்வார்கள். வளர்த்த கோழி, காசு போட்ட கோழி, அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் உலகம் முழுவதும் இந்த நோய் மனிதருக்கு வந்த கதைகளைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது: நோய்ப்பட்ட கோழியைத் தூக்கியவர், அறுத்தவர், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கியவர், குடலை உருவிக் கழுவியவர், பக்கத்தில் உட்கார்ந்து இறகோடு விளையாடிய குழந்தை. சமைத்துச் சாப்பிட்டவருக்கு அல்ல, சமைப்பதற்காக அறுத்துச் சுத்தம் செய்தவருக்குத்தான் ஆபத்து. இரத்தம், எச்சில், எச்சம், இறகுத் தூசி, இதில் எது கண்ணிலோ மூக்கிலோ பட்டாலும் போதும். சேவல் சண்டைக்கு வளர்க்கிறவர்கள் அடிபட்ட சேவலின் வாயிலிருந்து இரத்தத்தையும் சளியையும் தன் வாயால் உறிஞ்சித் துப்புவார்களே, அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

"இது வெள்ளைக்கழிச்சல், வருசா வருசம் வரும்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டிலும் சோர்வு, கழிச்சல், மூச்சுத் திணறல், கூட்டமாகச் சாவு. கொண்டையும் தாடியும் நீலமாகக் கறுத்துப் போவது, தலை வீங்குவது, கால் தோலில் இரத்தம் கட்டியது போல் சிவப்பு, முந்தின நாள் நன்றாக மேய்ந்தது விடிந்தால் செத்துக் கிடப்பது, இதெல்லாம் தெரிந்தால் சந்தேகம் கூட வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல கால்நடை டாக்டராலேயே முடியாது, மாதிரி போபாலில் இருக்கும் தேசிய ஆய்வகத்துக்குப் போய்த்தான் உறுதியாகும்.

செத்த கோழியை எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, மூக்கு வாய் மூடும்படி முகக்கவசம் கட்டுங்கள், கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் கவர் ஒன்றுக்குள் கையை விட்டு, கவரோடு கோழியின் காலைப் பிடித்து, அப்படியே கவரை வெளிப்புறமாகத் திருப்பி இழுத்தால் கோழி கவருக்குள் வந்துவிடும், கை அதன்மேல் படவே படாது. வாயைக் கட்டி இன்னொரு கவரில் போட்டுக் கட்டுங்கள். கூட்டை உடனே துடைப்பத்தால் பெருக்காதீர்கள், காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து நேராக மூக்குக்குத்தான் வரும். முதலில் சோப்புத் தண்ணீரோ பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரோ தெளித்து நனைத்துவிட்டு அப்புறம் வழியுங்கள். வைரஸ் எச்சத்தில் 37 டிகிரிச் சூட்டில் 6 நாள் வரை தாங்கும், குளிர்ச்சியில் 35 நாள் வரைகூடத் தாங்கும், அதனால் நிழலும் ஈரமுமான மூலைகளை விட்டுவிடக் கூடாது. அந்த உடுப்பைத் தனியாக ஊறவைத்து, சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள்.

செத்த கோழியை ஏரியிலோ கிணற்றிலோ குப்பை மேட்டிலோ மட்டும் வீசாதீர்கள். 1962-க்குப் போன் போட்டாலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொன்னாலோ ஆள் வருவார்கள், மாதிரி எடுத்த பிறகு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்கள். நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழியெல்லாம் அழிக்கப்படும் என்ற பயத்தில் நிறையப் பேர் மறைக்கிறார்கள். அப்படி அழிக்கும் கோழிக்கு அரசாங்கம் நட்ட ஈடு தருகிறது, தானாகச் செத்துப்போனதற்குத் தராது. ஆகவே சீக்கிரம் சொல்கிறவருக்குத்தான் நஷ்டம் குறைவு.

அந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள்

கோழியைத் தொட்ட கடைசி நாளைச் சுவரில் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். அதிலிருந்து 10 நாள் வீட்டில் எல்லோரையும் கவனிக்க வேண்டும். நோய் பொதுவாக 2 முதல் 5 நாளுக்குள் ஆரம்பிக்கும், சிலருக்குத் தள்ளிப்போகும். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வையுங்கள், கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது.

ஆரம்பத்தில் இது சாதாரண ஃப்ளூ மாதிரியே இருக்கும்: 38 டிகிரிக்கு மேல், அதாவது நம் தெர்மாமீட்டரில் 100.4-க்கு மேல் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு முறித்துப் போட்டது போல் வலி. மூக்கொழுகல் பெரிதாக இருக்காமலும் போகலாம். சிலருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வயிற்று வலியுமே முதலில் வரும், அப்போது யாருக்கும் நுரையீரல் நோய் என்று தோன்றாது. மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வந்தவர்களும் உண்டு. கண் சிவந்து உறுத்துவதையும் விட்டுவிடாதீர்கள். நெதர்லாந்தில் 2003-ல் எச்7என்7 பரவியபோது உறுதியான 89 பேரில் பெரும்பாலோருக்கு வந்தது கண்வலிதான், ஆனால் அதே பரவலில் ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவில் இறந்தார். அமெரிக்காவில் 2024-ல் கறவை மாடுகளுக்கு எச்5என்1 வந்தபோது பண்ணையாட்களுக்கும் அநேகமாகக் கண் சிவப்புதான் தலைகாட்டியது. நம் ஊரில் கண் சிவந்தால் "மெட்ராஸ் ஐ" என்று சொட்டு மருந்தோடு விட்டுவிடுவோம், கோழி செத்த வீட்டில் அப்படி விடாதீர்கள்.

கடுமையாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வேகம் அதிகம், ஒரே நாளில் எக்ஸ்ரே வெள்ளையாகி வென்டிலேட்டர் வரை போனவர்கள் இருக்கிறார்கள், இறந்தவர்களுக்கு நோய் தொடங்கியதிலிருந்து முடிவு வரை சராசரியாக 9, 10 நாள்தான். முதல் மூன்று நாளைக் கஷாயத்திலும் கைவைத்தியத்திலும் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

வழக்கமான ஃப்ளூ வைரஸ் ஒட்டிக்கொள்ளும் பிடிமானம் நம் மூக்கிலும் தொண்டையிலும் நிறைய இருக்கிறது, அதனால்தான் ஒரு தும்மலில் வகுப்பே படுத்துவிடுகிறது. பறவை வைரஸுக்கு ஏற்ற பிடிமானம் வேறு வகை. அது பறவையின் குடலில் நிறைய, நம் உடம்பில் மூக்குத் தொண்டையில் குறைவு, ஆனால் நுரையீரலின் அடியில், காற்றறைகளின் செல்களில் இருக்கிறது, கண்ணின் மேல்சவ்விலும் இருக்கிறது. இந்த ஒரே விஷயம் மூன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறது: ஏன் எளிதில் மனிதருக்குத் தொற்றுவதில்லை, ஏன் தொற்றியவரிடமிருந்து அடுத்தவருக்கு எளிதில் போவதில்லை, தொற்றிவிட்டால் ஏன் நேராக நிமோனியாவில் கொண்டுபோய் விடுகிறது. கோழிகளைக் கொத்தாகக் கொல்லும் எச்5 வகைக்கு (எச்5என்1 இதில் ஒன்று) இன்னொரு திறமையும் உண்டு. வைரஸின் மேல்புரதம் வெட்டப்பட்டால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். வழக்கமான ஃப்ளூவுக்கு அந்த வெட்டு மூச்சுப்பாதையில் இருக்கும் சில நொதிகளால்தான் நடக்கும், இதற்கோ உடம்பின் எந்த உறுப்பிலும் இருக்கும் நொதியே போதும். அதனால் சிலரின் இரத்தத்திலும் மலத்திலும்கூட வைரஸ் கிடைத்திருக்கிறது, வியட்நாமில் வயிற்றுப்போக்கோடு வந்து நினைவிழந்து இறந்த ஒரு குழந்தையின் மூளை-தண்டுவட நீரில்கூட அது இருந்தது.

இனி நோய் எதிர்ப்பு. நமக்கு எச்5-க்கு எதிராக முன்கூட்டியே தயாரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், கிடையாது, புதிதாக உருவாக இரண்டு வாரமாவது ஆகும், நோயோ அதற்குள் முடிவை எட்டிவிடுகிறது. ஆன்டிபாடி வரும் வரை உடம்பு தன் முதல்நிலைப் படையை அனுப்பும், செல்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞைகளை அனுப்பி வெள்ளையணுக்களை அழைக்கும். வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகினால் அழைப்பும் கட்டுக்கடங்காமல் போகும். கூரை வீட்டில் தீப்பிடித்தால் ஊரே குடத்தோடு ஓடிவந்து ஊற்றுகிற தண்ணீரில் மண்சுவர் கரைந்து விழுகிற மாதிரி, காற்றறைகள் அழற்சி நீரால் நிறைந்து ஆக்ஸிஜன் உள்ளே போக வழியில்லாமல் போய்விடும். வியட்நாமில் எச்5என்1 வந்த 18 பேரைப் பார்த்து 2006-ல் வெளியான ஆய்வில், இறந்த 13 பேருக்குத் தொண்டையில் வைரஸ் அதிகமாகவும், ஐஎல்-6, ஐபி-10 போன்ற சமிக்ஞைகள் இரத்தத்தில் உச்சத்திலும், வைரஸை எதிர்க்கும் வெள்ளையணு வகையான டி-செல்கள் குறைந்தும் இருந்தன. சமிக்ஞை ஏறியது வைரஸ் ஏறியதோடு சேர்ந்துதான். ஆகவே எதிர்ப்புச் சக்தியை அடக்குவதைவிட வைரஸ் பெருகுவதை முதலிலேயே நிறுத்துவதுதான் வழி.

இதனால்தான் ஸ்டீராய்டு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் பேர் தெரியாத நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் "செட் மாத்திரை" என்று தருவார்கள், அதில் பல சமயம் ஒரு டெக்ஸாமெதசோன் இருக்கும். இரண்டு வேளையில் காய்ச்சல் இறங்கும், உடம்பு தெம்பாகத் தோன்றும், "கைராசியான கடை" என்று பேர் வரும். உள்ளே வைரஸுக்கு அது வசதி செய்துகொடுக்கிறது, உடம்பிலிருந்து வைரஸ் போவது தாமதமாகிறது. டாக்டர் தெரிந்து தனிக் காரணத்துக்காகக் கொடுப்பது வேறு, நாமாகக் கேட்டு வாங்கும் செட் மாத்திரையும் ஊசியும் வேறு.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தைப் பருவத்தில் முதன்முதலாக எந்த வகை ஃப்ளூ வந்ததோ அந்த வகையை எதிர்ப்புச் சக்தி வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும். 1968-க்கு முன் பிறந்தவர்கள் எச்5-க்கு உறவான எச்1, எச்2 வகைகளை முதலில் சந்தித்தவர்கள் என்பதால் அவர்களுக்கு எச்5-இடம் ஓரளவு காப்பு இருக்கிறது, எச்5என்1-ல் குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம் அடிபட இது ஒரு காரணம். ஆகவே "வயசுப் பையன்தானே, தாங்குவான்" என்ற கணக்கை இங்கே போடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

இப்படிச் சொல்லுங்கள்: "எங்க வீட்டுல இத்தனாம் தேதி இத்தனை கோழி செத்துச்சு, நான் அறுத்தேன் (அல்லது தூக்கிப் போட்டேன்), இத்தனாவது நாள் காய்ச்சல் வந்துச்சு." அவ்வளவுதான். சொல்லக் கூச்சமாக இருந்தால் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள், கூட்டத்தில் உட்காராமல் நர்ஸிடம் சொல்லித் தனியாக இருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, எங்கே போனாலும் இதே முறைதான். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

ஓசெல்டமிவிர் என்ற மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம், தாமதமானாலும் கொடுப்பதால் பயன் உண்டு. சந்தேகம் பலமாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்டர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பார்கள், அவர்களுக்கு இந்த நோய் இன்னும் கொடியது என்பதால் தயங்கவே கூடாது. நோய்க் கோழியைத் தொட்டு இன்னும் காய்ச்சல் வராதவருக்கும் சில சமயம் முன்கூட்டியே தருவார்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், சீட்டு இல்லாமல் நாமாக வாங்கிப் போடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. குழந்தைக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

பரிசோதனை என்றால் தொண்டையிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்பது, கண் சிவந்திருந்தால் கண்ணிலும். தொண்டை மாதிரி முக்கியம், வைரஸ் அடியில் உட்கார்ந்திருப்பதால் மூக்கில் மட்டும் எடுத்தால் தப்பிப்போகலாம். உடனே முடிவு தரும் ஃப்ளூ கிட்டில் இல்லை என்று வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைதான் நம்பகமானது. உறுதி செய்ய மாதிரி புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போகும்.

நம் ஊருக்கு முக்கியமான ஒன்று இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பறவைக் காய்ச்சலில் வெள்ளையணு குறையும், அதிலும் லிம்போசைட் நன்றாகக் குறையும், பிளேட்லெட் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதி ஏறும். இதே ரிப்போர்ட்டைக் காட்டினால் வேலூரில் பத்துக்கு ஒன்பது பேர் டெங்கு என்பார்கள், ஏனென்றால் டெங்குவிலும் இப்படித்தான் இருக்கும். ஸ்க்ரப் டைபஸிலும் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் வரும். கோழி விஷயத்தைச் சொல்லாவிட்டால் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் யோசனை இந்தப் பக்கம் திரும்ப வழியே இல்லை. டெங்கு பாசிட்டிவ் என்று வராமல், இருமலும் மூச்சு வாங்கலும் கூடிக்கொண்டே போனால், மறுபடியும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். இரண்டாவது டாக்டரிடம் மாற்றினால் அவரிடமும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கச் சொன்னால்

தனி அறை, ஜன்னல் திறந்து இருக்கட்டும். பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர், அவரும் முகக்கவசத்தோடு. ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுவது அபூர்வம் என்றாலும் நடக்காததல்ல. தாய்லாந்தில் 2004-ல் வெளியூரில் வேலை பார்த்த ஒரு அம்மா, கோழிப் பக்கமே போகாதவர், ஆஸ்பத்திரியில் மகளைக் கிட்ட இருந்து பார்த்துக்கொண்டு அவருக்கும் தொற்றி இறந்துபோனார். தாயின் மனசு விலகி இருக்கச் சொன்னால் கேட்காது, ஆனால் முகக்கவசமும் கை கழுவுவதும் விலகி இருப்பதல்ல.

ஆக்ஸிஜன் பார்க்கும் விரல் கருவி கொரோனா காலத்தில் வாங்கியது அலமாரியில் கிடக்கும், பேட்டரி மாற்றி எடுங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பாலிஷோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலையாக நிற்கும் வரை அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே போனால் உடனே 108. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து, அறைக்குள் நாலு நடை நடந்ததும் இறங்கினால் அதுவும் எச்சரிக்கைதான். சின்னக் குழந்தைக்குக் கருவியை நம்புவதைவிட, தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டால், இரண்டு மாதத்துக்குக் கீழே 60-ஐத் தொட்டால் வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கடைசியாக. 70 டிகிரிச் சூடு கறியின் நடுவரை போனால் வைரஸ் செத்துவிடும், நன்றாகக் கொதித்த குழம்பிலும் வெந்த பிரியாணியிலும் பயமே இல்லை. பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதையும், மஞ்சள் கரு ஓடும் ஆஃப் பாயிலையும், பக்கத்தில் நோய் இருக்கும் சமயத்தில் நிறுத்திவிடுங்கள், ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்க வேண்டாம். கோழிக்கடையில் வேலை செய்கிறவர்களும் பண்ணையாட்களும் வருடா வருடம் சாதாரண ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது, ஆனால் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வைரஸும் சேர்ந்து, இரண்டும் கலந்து, மனிதருக்கு மனிதர் எளிதில் பரவும் புது வகை பிறக்கும் வாய்ப்பை அது குறைக்கிறது.